புல்தானே என்று நினைக்காதீங்க!

கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் பாடத்தில் 'பாசிட்டிவ் ஃபீட்பேக்' படிச்சிருப்பீங்க. அவுட்புட் திரும்ப வந்து இன்புட்டையே பெருக்கும். கடைசியில் சிஸ்டம் கைமீறிப் போகும். இதைப் புரிஞ்சுக்க லேப் வேண்டாம், ஒரு புல் போதும்.

அதன் பெயர் சீட்கிராஸ். புரோமஸ் என்ற இனத்தைச் சேர்ந்தது. நெல், கோதுமையெல்லாம் இருக்கிற அதே புல் குடும்பம்தான். ஐரோப்பாவும் மேற்கு ஆசியாவும் அதன் சொந்த ஊர். அங்கே அது பத்தோடு பதினொன்று. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவின் மேற்குப் பகுதிக்குப் போய்ச் சேர்ந்தது.

நெவாடா, யூட்டா, ஐடஹோ மாநிலங்களின் வறண்ட நிலத்தில் சேஜ்பிரஷ் புதர்கள் தள்ளித் தள்ளி நிற்கும். நடுவில் வெற்று மண் இருப்பதால் தீ லேசில் பரவாது. சீட்கிராஸ் அந்த இடைவெளியை நிரப்பியது. கோடையின் தொடக்கத்திலேயே விதையை உதிர்த்துவிட்டுக் காய்ந்துவிடும். ஒரு பொறி விழுந்தால் போதும், காடே எரியும். எரிந்த புதர் மீண்டு வரப் பல வருஷம் ஆகும்; சீட்கிராஸோ அடுத்த மழைக்கே முளைக்கும். தீயால் புல், புல்லால் தீ. பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை வந்த தீ, சில இடங்களில் 3 முதல் 5 வருஷத்துக்கு ஒருமுறை வர ஆரம்பித்தது.

சரி, இது குளிர்ப் பிரதேசத்துப் புல், நம்ம வயல் வரப்புக்கு வரப்போவதில்லை. அப்போ நமக்கென்ன?

நம்ம மலையில் இதே கதை தலைகீழாக நடக்குது. அங்கே புல் ஆக்கிரமித்தது. இங்கே புல்வெளியை மரம் ஆக்கிரமிக்குது. மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிப் பகுதிகளில் பள்ளத்தில் சோலைக்காடு, சரிவில் புல்வெளி என்பதுதான் இயற்கையான அமைப்பு. ஆங்கிலேயர்கள் அந்தப் புல்வெளியைத் தரிசு என்று நினைத்து, நீலகிரியில் சீகை மரத்தையும் யூகலிப்டஸையும் நட்டார்கள். சீகை விதை மண்ணுக்குள் பல வருஷம் உறங்கும்; தீ பட்டால் கூட்டமாக முளைக்கும். இதுவும் ஃபீட்பேக்தான். 1973-க்கும் 2017-க்கும் இடையில் இந்த மலைகள் சுமார் 340 சதுர கிலோமீட்டர் புல்வெளியை இழந்திருக்கு. அதாவது கிட்டத்தட்ட 23 சதவீதம்.

நம்ம குமரி மாவட்டத்திலும் மேல் கோதையாறு பக்கம் முத்துக்குழிவயலில் சோலையும் புல்வெளியும் இருக்கு. மலைப் புல்லின் அடர்ந்த வேர் மண்ணைப் பிடித்து வைக்கும், மழைத் தண்ணீரை நிதானமாக ஓடைக்கு விடும். கோதையாறு பேச்சிப்பாறை அணைக்கு வருது. 1906-இல் கட்டி முடித்த அந்த அணைத் தண்ணீரில்தான் நாஞ்சில் நாட்டின் கன்னிப்பூவும் கும்பப்பூவும் விளையுது. நம்ம மாநில விலங்கான வரையாடு மேய்வதும் இப்படிப்பட்ட மலைப் புல்வெளிகளில்தான்.

அதனால் அடுத்த என்.எஸ்.எஸ். கேம்பில் "மலையில் ஆயிரம் மரம் நடலாம்" என்று யாராவது சொன்னால், உடனே மண்வெட்டியை எடுக்காதீங்க. இரண்டே கேள்வி கேளுங்க: அந்த இடத்தில் முன்னாடி என்ன இருந்தது? நடப்போகும் மரம் எந்த ஊர் மரம்? புல்வெளிதான் இருந்தது என்றால், அதைப் புல்வெளியாகவே விட்டுவிடுவதும் ஒரு சேவைதான்.