சில நேரம் ஏறும், சில நேரம் ஏறாது: சரக்கு வண்டியின் சார்ஜ் கோளாறு

சரக்கு வண்டி வைத்திருக்கும் வணிகப் பெருமக்களுக்கு இந்தத் தொல்லை பழக்கமானதுதான். விடியற்காலையில் மார்க்கெட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் செல்ஃப் எடுக்காது. நாலு பேர் தள்ளி ஸ்டார்ட் செய்து பட்டறைக்குக் கொண்டு போனால், எலக்ட்ரீஷியன் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, "சார்ஜ் நல்லாத்தானே ஏறுது, பேட்டரி வீக்" என்பார். புதுப் பேட்டரி வாங்கிப் போடுவோம். மூன்று நான்கு மாதத்தில் மறுபடியும் தள்ளுவோம். டைனமோ அடியோடு கெட்டுப்போனால் அரை மணியில் தெரிந்துவிடும். சில நேரம் ஏறியும் சில நேரம் ஏறாமலும் இருக்கிற கோளாறுதான் பணத்தைத் தின்கிறது. வேலையாட்களையும் சந்தேகப்பட வைக்கிறது. பேட்டரிக் கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவரிடம் போனால் அவர் பேட்டரியைத்தானே கொடுப்பார்!

முதலில் கணக்கு. பேட்டரியின் முக்கிய வேலை வண்டியைக் கிளப்புவது. கிளம்பிய பின் விளக்கு, ஹாரன், வைப்பர் அனைத்துக்கும் மின்சாரம் கொடுப்பதும், பேட்டரியில் எடுத்ததைத் திருப்பிக் கட்டுவதும் டைனமோ. ஆல்டர்னேட்டர் என்பதே அதன் சரியான பெயர்; பட்டறைகளில் டைனமோ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். இரவு முழுக்க நின்ற வண்டியில், சாவி போடுவதற்கு முன் பேட்டரி முனைகளில் மீட்டர் வைத்தால் சுமார் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி தீர்ந்துவிட்டது என்று பொருள். என்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை வர வேண்டும். ஓடும்போதும் 13-க்குக் கீழேயே நின்றால் செலவு நடக்கிறது, வரவு இல்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கோளாறு. பேட்டரித் தண்ணீர் சீக்கிரம் வற்றும்.

நமக்குத் தெரிந்த மளிகை மொத்த வியாபாரி ஒருவரின் வண்டி, வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் மலைக்குச் சரக்கு ஏற்றிப் போய் வரும். ஓராண்டுக்குள் இரண்டு பேட்டரி மாற்றியாயிற்று. ஓட்டுநர் தம்பி ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார்: "லோடோட மேடு ஏறுறப்பதான் முதலாளி லைட்டு மங்குது. காலியா இறங்கி வந்தா ஒண்ணுமே இல்ல." சரக்கு ஏற்றுவதற்கும் சார்ஜுக்கும் என்ன சம்பந்தம் என்று எல்லோரும் சிரித்தார்கள். இரவில் வண்டிக்குள் பாட்டுப் போட்டுக்கொண்டு தூங்கிவிடுகிறான் என்று முடிவு கட்டி, இரண்டாவது பேட்டரி விலையில் பாதியை அவர் சம்பளத்தில் பிடித்தும் விட்டார்கள்.

வயதான எலக்ட்ரீஷியன் ஒருவர் மட்டும் அந்தப் பேச்சை அப்படியே எடுத்துக்கொண்டார். பட்டறைக்கு வண்டி எப்போதும் காலியாகத்தான் வருகிறது. லோடு ஏற்றி மேடு ஏறினால்தான் என்ஜின் அதன் ரப்பர் மவுண்டிங்கில் சாய்ந்து முறுக்கும். அப்படியானால் அந்த நேரத்தில் இழுபடுகிற ஒயர் எது? அவர் டைனமோவைக் கழற்றவே இல்லை. என்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட்டைப் போட்டு, மீட்டரின் ஒரு முனையை என்ஜின் உடம்பிலும் மறுமுனையை பேட்டரியின் மைனஸிலும் வைத்தார். 0.1 வோல்ட், குறையில்லை. பிறகு என்ஜினிலிருந்து சேசிஸுக்குப் போகும் எர்த் பட்டையை ஒரு மரக்குச்சியால் அசைத்தார். மீட்டர் 1 வோல்ட்டைத் தாண்டியது. ரப்பர் உறைக்குள், போல்ட்டுக்கு அருகில், செம்பு இழைகளில் பெரும்பகுதி அறுந்திருந்தது. சில நூறு ரூபாய்ப் பட்டையை மாற்றியதோடு தொல்லை தீர்ந்தது. பிடித்த பணமும் ஓட்டுநருக்குத் திரும்பியது.

அப்படியானால் டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு ஏன் எரியவில்லை என்று கேட்கலாம். டைனமோ மின்சாரம் எடுக்கிறதா என்பதைத்தான் அந்த விளக்கு காட்டும். எடுத்தது பேட்டரிக்கு முழுதாகப் போய்ச் சேர்ந்ததா என்று காட்டாது. ஆகவே விளக்கை நம்பாமல், சென்று சேரும் வழியை அளக்கச் சொல்ல வேண்டும். எர்த் பக்கம் 0.2 வோல்ட்டுக்கு மேல் இழப்பு இருக்கக்கூடாது. அதேபோல் டைனமோவின் தடித்த ஒயர் போல்ட்டுக்கும் பேட்டரி பிளஸ்ஸுக்கும் நடுவே 0.3-க்கு மேல் போகக்கூடாது. இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும்.

எல்லா வண்டியிலும் எர்த் பட்டைதான் என்று சொல்ல வரவில்லை. மழை நாளிலும் ஹெட்லைட் போட்டவுடனும் கீச்சென்று சத்தம் வந்தால் பெல்ட் நழுவுகிறது. என்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஏறி, சூடானதும் நின்றுபோனால், டைனமோவின் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், ரெகுலேட்டரும் காரணமாகலாம். பழைய வகை வண்டிகளில் இன்னொன்றும் உண்டு. சாவி போட்டதும் சிவப்பு விளக்கு எரியவில்லை என்றால் பல்பு போயிருக்கும். அந்தப் பல்பு வழியாகப் போகும் சிறிதளவு மின்சாரம்தான் டைனமோவை எழுப்புகிறது. அது இல்லாவிட்டால், ஆக்சிலேட்டரை நன்றாக மிதித்த பிறகுதான் டைனமோ வேலை தொடங்கும். ஊருக்குள் மெதுவாக ஓடும் நாளில் ஏறாமலே போகலாம். ஒரு சின்னப் பல்புக்காக டைனமோவையே மாற்றியவர்கள் உண்டு.

ஓட்டுநரிடம் ஒரு நோட்டுக் கொடுத்து, லைட் மங்கிய நேரம், லோடா காலியா, மழையா, விளக்கு எரிந்ததா என்று எழுதச் சொல்வது நல்லது. சிகரெட் லைட்டர் துவாரத்தில் செருகும் சிறிய வோல்ட் மீட்டர் இப்போது மலிவாகக் கிடைக்கிறது. கோளாறு நடக்கும் அந்த நிமிடத்தில் என்ன காட்டுகிறது என்பதை வண்டியிலேயே பார்த்துவிடலாம்.

என்ஜின் ஓடும்போதே பேட்டரி ஒயரைக் கழற்றி, வண்டி நிற்கிறதா என்று பார்க்கும் பழைய வழக்கம் இன்னும் சில பட்டறைகளில் இருக்கிறது. அதற்கு இடம் கொடுக்க வேண்டாம். அந்த நொடியில் வோல்ட் தாறுமாறாக ஏறி, டைனமோவின் டயோடும் வண்டியின் கணினியும் சேர்ந்து போய்விடும். 2020-இல் பி.எஸ்.6 விதி வந்த பின் வாங்கிய வண்டிகள் பலவற்றில் சார்ஜைக் கணினியே கூட்டிக் குறைக்கிறது. பேட்டரி நிறைந்திருந்தால் சிறிது நேரம் 13-க்குக் கீழேகூடக் காட்டும். பேட்டரி மைனஸ் முனையில் சிறு பெட்டி போன்ற சென்சார் இருந்தால் அத்தகைய வண்டியாக இருக்கலாம். அதில் மீட்டரை மட்டும் பார்த்துக் கோளாறு என்று முடிவு கட்டாமல், ஸ்கேனர் வைத்திருக்கும் பட்டறையில் காட்டிய பிறகே டைனமோவில் கை வைக்கச் சொல்ல வேண்டும்.