செயற்கைக் காலும் அன்றாடக் கணக்கும்



நம் வியாபாரிகளிடையே இனிப்புநீர் வியாதி மலிந்திருப்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்நோய் முற்றினால் பாதத்தின் நரம்புகள் உணர்விழக்கின்றன. இரத்த ஓட்டமும் குன்றுகிறது. செருப்பு கடித்த சிறு புண் வலியே தெரியாமல் அழுகி, காலையே எடுக்க வேண்டிய நிலை சிலருக்கு உண்டாகிறது. அவ்வாறு ஒரு காலை முழங்காலுக்குக் கீழே இழந்து, செயற்கைக் கால் அணிந்து கடை நடத்துவோரில் நாமும் ஒருவர். ஆதலால் இப்பாடத்தை எழுதுகிறோம்.

செயற்கைக் கால் என்பது பணம் கொடுத்து வாங்கி மாட்டிக்கொண்டதும் முடிந்துவிடும் காரியமன்று. நாள்தோறும் பற்று வரவு பார்க்க வேண்டிய கணக்கு அது. பார்க்கத் தவறினால் நட்டம் எஞ்சிய காலுக்கே.

அளவெடுக்கும் முன்

காயம் ஆறி வீக்கம் வடியப் பல வாரங்கள் செல்லும். அதுவரை மீள்துணிக் கட்டோ இறுக்கமான உறையோ அணிந்து எஞ்சிய காலுக்கு உருவம் கொடுக்க வேண்டும். முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துப் படுப்பது சுகமாக இருக்கும். ஆனால் மூட்டு மடங்கியபடியே இறுகிப் பின்னர் நடை வராது. காலை நீட்டி வைப்பதே நலம்.

இல்லாத பாதம் அரிப்பதும் வலிப்பதும் உண்டு. இது மனப்பிராந்தியன்று, நரம்புகளின் வேலை. மருத்துவரிடம் சொன்னால் மருந்தும் பயிற்சியும் உண்டு.

கிண்ணமும் பாதமும்

மாவுக்கட்டு வைத்து அச்செடுத்து, அதைக் கொண்டு ‘சாக்கெட்’ எனும் கிண்ணத்தைச் செய்கிறார்கள். உடலின் பாரம் வெட்டிய நுனியில் தங்குவதில்லை. முழங்கால் சில்லுக்குக் கீழுள்ள தசைநாரிலும் பக்கங்களிலும் பரவுகிறது. ஆகவே பாதம் எத்தனை உயர்ந்த விலையானாலும் கிண்ணம் பொருந்தாவிடில் பயனில்லை. எஞ்சிய கால் நாளடைவில் சுருங்குவதால், முதல் ஓராண்டிற்குள் கிண்ணத்தை மாற்ற நேரிடுவது வழக்கம். முதற்செலவோடு முடிந்ததென்று எண்ணாமல் அதற்கும் பணம் ஒதுக்கி வைக்க வேண்டும்.

குதி உயரத்தையும் கவனிக்க வேண்டும். சப்பாத்தின் குதிக்கு ஏற்பப் பாதம் பொருத்தப்படுகிறது. சப்பாத்தைக் கழற்றினால் உடல் பின்னுக்குச் சாயும். வீட்டிலும் பள்ளிவாசலிலும் பாதணியைக் கழற்றும் நாம் இதை அளவெடுக்கும் நாளிலேயே நிபுணரிடம் சொல்லிவிட வேண்டும். ஜெய்ப்பூரில் 1968-ஆம் ஆண்டில் கைவினைஞர் ராம்சந்திர சர்மாவும் மருத்துவர் பி. கே. சேத்தியும் ரப்பர்ப் பாதம் செய்ததற்கு இதுவே காரணம்: வெறுங்காலுடன் நடந்து, குந்தி உட்காரும் மக்களுக்கு மேனாட்டுப் பாதம் உதவவில்லை. அப்பணிக்காகச் சேத்திக்கு 1981-இல் மகசேசே விருது கிடைத்தது.

அணிந்து பழகுதல்

கடை திறக்கும் அவசரத்தில் முதல் வாரமே காலை முதல் இரவு வரை நிற்பது கூடாது. முதலில் ஓரிரு மணி நேரம் அணிந்து, கழற்றித் தோலைப் பார்க்க வேண்டும். அடிப்பக்கத்திற்குக் கண்ணாடி உதவும். சிவப்பு பத்துப் பதினைந்து நிமிடத்தில் மறைந்தால் நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். மறையாவிட்டாலோ, கொப்புளம் கண்டாலோ காலை அணியாமல் நிபுணரிடம் காட்ட வேண்டும். ஒரு நாள் வியாபாரத்தைக் காக்கப் போய்ப் பல வாரம் படுக்கையில் கிடப்பது இலாபமாகுமா?

எஞ்சிய கால் காலையில் பருத்தும் மாலையில் மெலிந்தும் இருக்கும். கால் கிண்ணத்துக்குள் இறங்கித் தளர்ந்தால் ஒரு காலுறை கூட்ட வேண்டும். இறுகினால் குறைக்க வேண்டும். கல்லாப் பெட்டியருகே இரண்டு மூன்று காலுறைகள் இருக்கட்டும். நம் நாட்டுப் புழுக்கத்தில் வியர்வை மிகும். உள்ளுறையை இரவுதோறும் சவுக்காரத்தால் கழுவி உலர்த்துவது அவசியம்.

படியேறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது செயற்கைக் கால் முதலில். இரவில் தூக்கக் கலக்கத்தில் கால் இருப்பதாக எண்ணி எழுந்து விழுவோர் உண்டு. ஊன்றுகோல் கட்டிலருகே இருக்க வேண்டும். மற்றப் பாதத்தையும் தினமும் சோதிப்பது கட்டாயம். நோய் அதையும் விட்டுவைக்காது.

மார்க்கமும் மனமும்

செயற்கை உறுப்பு அணிவது படைப்பை மாற்றுவதாகுமோ என ஐயுறுவோர் உண்டு. போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் வெள்ளி மூக்கு அணிந்தார்கள். அது நாற்றமெடுக்கவே, பொன்னால் செய்துகொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏவியதாக அபூதாவூத், திர்மிதி நூல்களில் வந்துள்ளது. ஆண்களுக்கு விலக்கப்பட்ட பொன்னே இதற்கு அனுமதிக்கப்பட்டதென்றால் ரப்பருக்கும் இரும்புக்கும் தடை ஏது?

கரண்டைக்கு மேல் கால் எடுக்கப்பட்டவருக்கு ஒளுவில் அக்காலைக் கழுவும் கடமை நீங்கிவிடுகிறது. நின்று தொழ இயலாதவர் உட்கார்ந்து தொழலாம். விரிவை ஆலிம்களிடம் கேட்டறிக.

கடைசியாக, கால் இழந்த சகோதரரைக் கண்டால் அனுதாபத்தோடு நின்றுவிடாதீர்கள். அவர் உட்கார்ந்து வியாபாரம் பார்க்க ஒரு நாற்காலியும், தொழுகை வரிசையின் ஓரத்தில் ஓர் இடமும் கொடுங்கள். வெட்கத்தால் வீட்டில் முடங்கியவருக்குக் கால் பழகாது. நடப்பவருக்கே பழகும். அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆரோக்கியத்தை அருள்வானாக! ஆமீன்.