வாக்குரிமையும் வழக்குமன்றமும்



தேர்தல் என்றதும் மேடைப் பேச்சும் கட்சிக் கொடியுமே நம் கண்ணில் படுகின்றன. அவற்றுக்குப் பின்னால் கட்சியின் தேர்தல் குழு செய்யும் வேலை யாது, விதியில் ஐயம் எழுந்தால் அது எங்கே தீர்கிறது என்பதை இப்பாடத்தில் பார்ப்போம்.

குழுவின் முதல் வேலை ஆள் சேர்ப்பது. வேட்புமனுவில் முன்மொழிபவர், வழிமொழிபவர், ஆதரித்து ஒப்பமிடும் நால்வர் ஆகிய யாவரும் அத்தொகுதி வாக்காளர்களாக இருத்தல் வேண்டும். இரண்டாவது பணம். 2025 பொதுத்தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளரும் 13,500 வெள்ளி வைப்புத்தொகை கட்டினார். பதிவான வாக்கில் எட்டில் ஒரு பங்கு பெறாதவருக்கு அது திரும்பாது. தனித்தொகுதியில் வாக்காளர் ஒருவருக்கு 5 வெள்ளி என்பதே செலவின் உச்ச வரம்பு. ஆகவே குழுவும் நம்மைப் போலப் பேரேடு எழுதியே ஆக வேண்டும். மூன்றாவது, வாக்குச்சாவடியிலும் எண்ணும் இடத்திலும் முகவர்களை அமர்த்துவது.

இனி வழக்குக்கு வருவோம். 2012 பிப்ரவரியில் ஹவ்காங் தனித்தொகுதி உறுப்பினரைப் பாட்டாளிக் கட்சி நீக்கியது, இடம் காலியாயிற்று. இடைத்தேர்தல் எப்பொழுது என்று தெரியவில்லை. அத்தொகுதியில் வசித்த துப்புரவுத் தொழிலாளி வெள்ளம்மா மாரிமுத்து என்ற தமிழ்ப் பெண்மணி நீதிமன்றம் சென்றார். வழக்கு நடக்கையிலேயே மே 26-ல் இடைத்தேர்தல் நடந்துவிட்டது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013 ஜூலையில் அவர் மனுவைத் தள்ளிற்று. ஆயினும், இடைத்தேர்தலை நியாயமான காலத்துக்குள் நடத்த வேண்டும், பிரதமர் விருப்பம்போல் ஒத்திவைக்க இயலாது என்று சட்டத்தைத் தெளிவாக்கியது. மனு தோற்றது, விதி நிலைத்தது.

அடுத்தது, கிராஞ்சியிலுள்ள நமக்குப் பக்கத்து வீட்டுச் சங்கதி. மார்சிலிங்–இயூ டீ குழுத்தொகுதி உறுப்பினர் நால்வரில் ஒருவரான திருமதி ஹலிமா யாக்கோப், அதிபர் தேர்தலில் நிற்க 2017 ஆகஸ்டில் விலகினார். 2015-ல் அங்கே சிங்கப்பூர் ஜனநாயகக் கட்சி சார்பில் நின்ற வோங் சூக் யீ, இடைத்தேர்தல் வேண்டுமென வழக்கிட்டார். அவர் கட்சியின் பெயரால் வரவில்லை. அத்தொகுதி வாக்காளர் என்ற முறையிலேயே வந்தார். குழுத்தொகுதியில் அனைவரும் விலகினால்தான் இடைத்தேர்தல் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. 2020 ஜூலைப் பொதுத்தேர்தல் வரை, ஏறத்தாழ மூன்றாண்டுகள் அவ்விடம் காலியாகவே இருந்தது.

இதனால் நாம் அறிவது என்ன? ஹவ்காங் வாக்காளருக்கு ஒரு விதி, மார்சிலிங் வாக்காளருக்கு வேறு விதி. இது சரியா என்பதில் நமக்குள் இரு கருத்து இருக்கலாம். நீதிமன்றம் உள்ள சட்டத்தைச் சொல்லும். அதை மாற்றுவது நாடாளுமன்றம். நாடாளுமன்றத்தை அமைப்பது நம் வாக்கு.

ஆகவே மூன்று கடமைகளை நினைவில் வைப்போம்:

1. வாக்காளர் பட்டியலில் நம் பெயரைச் சரிபார்த்தல். வாக்களிக்கத் தவறினால் பெயர் நீக்கப்படும். தக்க காரணமின்றேல் மீண்டும் சேர 50 வெள்ளி கட்ட வேண்டும்.

2. வாக்களிப்பு நாளில் கடை திறந்திருந்தாலும், வாக்குள்ள சிப்பந்திகளுக்குப் போய்வர நேரம் கொடுத்தல். இது சட்டம்; தயவு அன்று.

3. கட்சி நன்கொடையில் எச்சரிக்கை. 21 வயது நிறைந்த சிங்கப்பூர்க் குடிமக்களும், சிங்கப்பூரர் கட்டுப்பாட்டில் பெரும்பாலும் இங்கேயே தொழில் நடத்தும் கம்பெனிகளுமே கொடுக்கலாம். ஊரிலுள்ள பங்காளியின் பணத்தை இதில் கலக்கலாகாது.

கடையில் ஒரு காசு குறைந்தால் இரவெல்லாம் கணக்குப் பார்க்கிறோம். வாக்குக்கும் அந்தக் கணக்கு வேண்டும்.