கழுத்தும் உப்பும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்

மனித உடலின் உறுப்புகளுள் கண்ணுக்கும் இதயத்துக்கும் கிடைத்த பெருமை கழுத்துக்குக் கிடைக்கவில்லை. கவிஞர்கள் அதனைச் சங்குக்கு ஒப்பிட்டதோடு நிறுத்திக்கொண்டனர். பேச்சு வழக்கிலோ அதன் நிலை இன்னும் பரிதாபம். மணம் செய்துகொள்வதைக் கழுத்தை நீட்டுதல் என்கிறோம். நம்பியவரைக் கைவிடுவதைக் கழுத்தறுத்தல் என்கிறோம். கடன் வந்தால் அதுவும் கழுத்தைத்தான் நெரிக்கிறது. ஒரு சாண் நீளம்கூட இல்லாத இவ்வுறுப்பின் வழியாகத்தான் உண்ணும் சோறும், மூச்சுக்காற்றும், மூளைக்குச் செல்லும் குருதியும், மூளை உடலுக்கு அனுப்பும் ஆணைகளும் சென்றாக வேண்டும். இத்தனை முக்கியமான பாதை இவ்வளவு குறுகலாக உடலில் வேறெங்கும் இல்லை எனலாம்.

கழுத்தைப் பற்றி நான் எழுத முற்பட்டதற்குத் தனிக் காரணம் ஒன்றும் உண்டு. எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அதிராம்பட்டினத்திலிருந்து நாள்தோறும் பேருந்தில் வந்துபோகிறேன். என் தாயார் அங்குள்ள உப்பளத்தில் உப்புச் சுமப்பவர். பாத்தியில் வாரிக் குவித்த உப்பைக் கூடையில் அள்ளித் தலையில் ஏற்றி, வரப்பு வழியே நடந்து மேட்டில் கொட்டுவது அவர் வேலை. நம் ஆய்வுக்கூடத்தின் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கும் எலும்புக்கூட்டின் கழுத்தை முதன்முதலாக எண்ணிப் பார்த்தபோது, நான் எண்ணியது அவருடைய கழுத்தைத்தான்.

எண்ணினால் ஏழு முள்ளெலும்புகள் வரும். ஒட்டகச்சிவிங்கிக்கும் ஏழுதான், எலிக்கும் ஏழுதான், நீளத்தில்தான் வேறுபாடு. பாலூட்டிகளில் இந்த ஏழு என்னும் கணக்கை மீறுபவை மிகச் சில. மானட்டி என்னும் அயல்நாட்டுக் கடல் விலங்குக்கு ஆறு. ஆனால் அதன் உறவினமாகிய நம் பாக் நீரிணையின் கடற்பசு ஏழோடு கணக்கைச் சரியாக வைத்திருக்கிறது. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை 2022 செப்டம்பரில் தமிழக அரசு கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது நண்பர்களுக்கு நினைவிருக்கலாம்.

ஏழு எலும்புகளுள் முதலிரண்டும் தனிவகை. முதல் எலும்பு ஒரு வளையம். அதன்மேல் மண்டையோடு அமர்ந்திருக்கிறது. இதற்கு அட்லஸ் என்று பெயர். வானத்தைத் தோளில் சுமந்து நின்றதாகக் கிரேக்கர் கதை சொல்லும் அரக்கனின் பெயர் அது. அந்தப் பெயரைப் படித்ததும் எனக்கு நம் சாலையோரச் சுமைதாங்கிக் கற்கள்தாம் நினைவுக்கு வந்தன. நட்ட இரு கற்களின்மேல் ஒரு கல்லைக் கிடத்தியிருப்பார்கள். கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக அவற்றை நிறுத்துவது நம் நாட்டு வழக்கம். பிறர் கைகொடுக்காமலே வழிநடப்பவர் சுமையை இறக்கி வைக்கவும் மீண்டும் தலைக்கு மாற்றிக்கொள்ளவும் அவை உதவின. கழுத்தெலும்பின் அருமையை அறிந்தவர்கள் செய்த ஏற்பாடு அது.

இரண்டாம் எலும்பிலிருந்து பல் போன்ற ஒரு முளை மேலெழுந்து அட்லஸ் வளையத்துக்குள் நிற்கிறது. கட்டுத்தறியைச் சுற்றும் மாடுபோல வளையம் அதனைச் சுற்றித் திரும்புகிறது. தலையை இடம்வலமாகத் திருப்பும் அசைவில் ஏறத்தாழப் பாதி இந்த ஓரிடத்திலேயே நிகழ்கிறது. மண்டையோட்டுக்கும் அட்லஸுக்கும் இடையிலுள்ள மூட்டு மேலும் கீழும் ஆட்டுவதற்கு. ஆகவே மேல் மூட்டு ‘ஆம்’ என்றும், கீழ் மூட்டு ‘இல்லை’ என்றும் சொல்வதாக மேனாட்டுப் பாடநூல்கள் வேடிக்கையாக எழுதும். நாம் ‘சரி’ என்பதற்குத் தலையைத் தோள்பக்கம் சாய்த்து ஆட்டுகிறோமே, அதற்குக் கீழேயுள்ள எலும்புகள் பலவும் சேர்ந்து உழைக்க வேண்டும். அந்த ஆசிரியர்கள் தஞ்சைப் பக்கம் வந்ததில்லை போலும்!

இனிச் சுமைக்கு வருவோம். வளர்ந்த மனிதரின் தலை ஏறத்தாழ 5 கிலோ. தலை நிமிர்ந்திருக்கும்போது அந்த எடை எலும்புத் தூண் வழியே நேராக இறங்குகிறது. பிடரித் தசைகளுக்கு அதிக வேலை இல்லை. தலை முன்னே குனியக் குனியத் தசைகள் அதனை இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. நியூயார்க்கைச் சேர்ந்த முதுகெலும்பு அறுவை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014இல் வெளியிட்ட கணக்கின்படி, 60 பாகை குனிந்தால் கழுத்தின்மேல் விழும் விசை ஏறத்தாழ 27 கிலோவுக்கு நிகராகிறது. பேருந்தில் இறங்கும் வரை கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே வரும் நாம் ஒவ்வொருவரும் அரை மூட்டை நெல்லைப் பிடரியில் சுமந்துகொண்டுதான் வருகிறோம்!

தலைச்சுமைக்காரர் குனிவதில்லை. சும்மாட்டை வைத்து, சுமையின் நடுப்புள்ளி கழுத்துத் தூணுக்கு நேர்மேலே விழுமாறு அமைத்து, திரும்ப வேண்டுமானால் உடலையே திருப்புகிறார். துணியைச் சுருட்டிச் செய்த அந்தச் சும்மாடு உச்சந்தலையின் வளைவைச் சமப்படுத்தி, எடையை ஒரு புள்ளியில் குத்தாமல் பரப்பிவிடுகிறது. கென்யாவின் லுவோ இனப் பெண்களைப் பற்றி 1986இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த ஆய்வு ஒன்று, தம் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குவரை கூடுதல் ஆற்றல் செலவின்றியே அவர்கள் தலையில் சுமந்து நடப்பதாகக் கண்டது. 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அது 10 கிலோ. ஆனால் ஈர உப்புக் கூடை 10 கிலோவோடு நிற்பதில்லை. பழக்கமும் நடையழகும் ஆற்றலைத்தான் மிச்சப்படுத்தும், எலும்பை மிச்சப்படுத்தா. இரண்டாம் எலும்பு தொடங்கிக் கீழே ஒவ்வோர் எலும்புக்கும் இடையில் மெத்தைபோல் ஒரு வட்டத்தட்டு உண்டு. நெடுங்காலம் தலைச்சுமை தூக்குவோரிடம் இத்தட்டுகளும் எலும்பு விளிம்புகளும் மிகுதியாகத் தேய்ந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

என் தாயாருக்கு வலக்கைக் கட்டைவிரலும் சுட்டுவிரலும் இரவில் மரத்துப்போகும். உப்புத் தண்ணீர் பட்டுப் பட்டு அப்படி ஆகிவிட்டது என்று அவர் சொல்லிவந்தார். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த மருத்துவர், ஐந்தாம் ஆறாம் கழுத்தெலும்புகளுக்கு இடையில் தேய்மானம் என்றார். கழுத்தெலும்புகள் ஏழே ஆயினும் கழுத்து நரம்பு இணைகள் எட்டு. ஐந்துக்கும் ஆறுக்கும் இடையே வெளிவருவது ஆறாவது நரம்பு. கட்டைவிரல் பக்கத்து உணர்ச்சி அதன் பொறுப்பு. கழுத்தில் நசுங்கும் நரம்பு விரலில் வந்து பேசுகிறது. பாடநூலில் அந்த நரம்புப் பின்னலின் படத்தை அவரிடம் காட்டினேன். “இவ்வளவு உள்ள இருக்கா?” என்று கேட்டுவிட்டு, “ஓய்வு எடுக்கச் சொன்னாரே, சீசன் முடியட்டும்” என்றார். மழை தொடங்கினால்தான் உப்பளத்துக்கு ஓய்வு.

நரம்பைப் பற்றிப் பேசும்போது மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னை மரம் ஏறுவோர் தவறி விழுவது நாம் கேள்விப்படாத செய்தியன்று. மூன்று, நான்கு, ஐந்தாம் கழுத்து நரம்புகளிலிருந்து ஒரு நரம்பு மார்புக்குள் இறங்கி உதரவிதானத்தை இயக்குகிறது. நாம் மூச்சு விடுவது அதனால்தான். அந்த இடத்துக்கு மேலே தண்டுவடம் அறுபட்டால் மூச்சு நின்றுவிடும். கீழே அறுபட்டால் உயிர் தங்கும், கைகால்கள் செயலிழக்கலாம். விழுந்த கணத்தில் எலும்பு மட்டும் முறிந்து, தண்டுவடம் தப்பியிருப்பதும் உண்டு. அப்போது நாலு பேர் ஓடிவந்து கையையும் காலையும் பிடித்துத் தூக்கி, உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, ஆட்டோவில் சாய்த்து அனுப்புகிறோமே, அந்த அன்பிலேயே தண்டுவடம் நசுங்கிப்போகக்கூடும். செய்ய வேண்டியது இதுதான்: விழுந்தவரைக் கிடந்தபடியே விட்டு, தலையின் இருபுறமும் கைகொடுத்து அசையாமல் பிடித்துக்கொண்டு 108க்குச் சொல்ல வேண்டும். மூச்சு ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கிடக்கும் இடமே ஆபத்தானது, நகர்த்தியே தீர வேண்டும் என்றால், தலையும் கழுத்தும் முதுகும் ஒரே கட்டையாகத் திரும்பும்படி பலர் சேர்ந்து பலகையில் ஏற்ற வேண்டும். தோப்பு வைத்திருக்கும் வீட்டு நண்பர்கள் இதனை வீட்டில் சொல்லிவைப்பது நல்லது.

கழுத்தின் முன்புறம் இரண்டு குழல்கள்: முன்னே மூச்சுக்குழல், பின்னே உணவுக்குழல். உணவு பின்குழலுக்குப் போக வேண்டுமானால் முன்குழலின் வாயைக் கடந்தே போக வேண்டும் என்பது சற்று விந்தையான அமைப்புத்தான். விழுங்கும்போது குரல்வளை மேலெழுந்து, குரல்வளை மூடி அதன்மேல் கவிந்துகொள்ளும். பேசிக்கொண்டே உண்டால் இந்த ஒழுங்கு தவறும். அதுதான் புரையேறுதல், யாரோ நினைக்கிறார்கள் என்று உச்சியில் தட்டுவது பாசத்துக்குச் சரி, அறிவியலுக்கு அன்று. இருமவிடுவதே முதல் வைத்தியம். குரல்வளையின் இருபக்கமும் கரோட்டிட் தமனிகள் மூளைக்குக் குருதி கொண்டுபோகின்றன. இரு விரல்களை மெல்ல வைத்தால் துடிப்புத் தெரியும். இருபக்கமும் ஒரே நேரத்தில் அழுத்திப் பார்க்க வேண்டாம்.

குரல்வளைக்குச் சற்றுக் கீழே, மூச்சுக்குழலை அணைத்தபடி வண்ணத்துப்பூச்சி வடிவில் அமர்ந்திருக்கிறது தைராய்டு சுரப்பி. எடை 20 கிராம் அளவுதான். உடலின் வளர்ச்சியையும் வெப்பத்தையும் இதயத் துடிப்பின் வேகத்தையும் அது ஆள்கிறது. அது சுரக்கும் தைராக்சின் மூலக்கூறு ஒவ்வொன்றுக்கும் நான்கு அயோடின் அணுக்கள் வேண்டும். கிடைக்காவிட்டால் சுரப்பி தன்னைப் பெருக்கிக்கொண்டு ஈடுகட்டப் பார்க்கும். அந்த வீக்கமே முன்கழுத்துக் கழலை. வீக்கமாவது கண்ணுக்குத் தெரியும். கருவுற்ற தாய்க்கு அயோடின் மிகவும் குறைந்தால் குழந்தையின் மூளை வளர்ச்சி குன்றுவது வெளியே தெரிவதில்லை. இமயமலையடியிலுள்ள காங்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் வி. இராமலிங்கசுவாமியும் குழுவினரும் 1956இல் தொடங்கிய ஆய்வு, உப்பில் அயோடின் சேர்த்தால் கழலை குறையும் என்று காட்டியது. 1962இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் பிறந்தது. 2006 மே முதல், நேரடியாக உண்பதற்கு விற்கும் உப்பில் அயோடின் கட்டாயம்.

“கடல் உப்புத்தானே நாங்கள் எடுப்பது, கடலில் இல்லாத அயோடினா?” என்பது எங்கள் ஊர்க் கேள்வி. நியாயமான கேள்விதான். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் உள்ளன. அயோடினோ ஒரு மில்லிகிராமில் இருபதில் ஒரு பங்கு அளவே. அதிலும் பெரும்பகுதி, உப்பு விளைந்தபின் பாத்தியிலிருந்து வடித்துவிடும் கசப்பு நீரோடு போய்விடுகிறது. ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவை 150 மைக்ரோகிராம். அயோடின் சேர்த்த உப்பில் கடைக்கு வரும்போது கிராமுக்குக் குறைந்தது 15 மைக்ரோகிராம் இருக்க வேண்டும் என்பது விதி. அளத்து உப்பில் அதில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். கடலோரத்தில் எங்களை ஓரளவு காப்பது உப்பு அன்று, மீன். நாள்தோறும் மீன் கிடைக்காத உள்நாட்டு நெல்வயல் ஊர்களுக்கு அந்தக் காப்பும் குறைவு.

2018-19இல் நாடு முழுதும் எடுத்த அயோடின் கணக்கெடுப்பில், போதிய அளவு அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் குடும்பங்கள் இந்திய அளவில் 76.3 விழுக்காடு, தமிழ்நாட்டில் 61.9. எல்லா மாநிலங்களிலும் கடைசி இடம் அது. குஜராத்துக்கு அடுத்தபடியாக உப்பு விளைவிக்கும் மாநிலங்களுள் ஒன்று நம்முடையது! கல்லுப்பின்மேல் நமக்குள்ள பற்றும், அளத்திலிருந்து நேரே வந்த உப்பே கலப்படமற்றது என்னும் நம்பிக்கையும் இதற்குக் காரணங்கள் என்பது என் எண்ணம். அதிக உப்புத் தின்னச் சொல்லவில்லை. இரத்த அழுத்தம் அதைப் பொறுக்காது. தின்னும் கொஞ்சம் உப்பு அயோடின் உள்ளதாக, மூடிய பாத்திரத்தில், அடுப்பு வெக்கையும் ஈரமும் படாத இடத்தில் இருக்க வேண்டும்.

வேதியியல் துறையின் உதவியோடு சிறு சோதனை ஒன்றைச் செய்துபார்த்தேன். உப்பைச் சிறிது நீரில் கரைத்து, நீர்த்த அமிலம் ஒரு சொட்டு, பொட்டாசியம் அயோடைடு கரைசல் ஒரு சொட்டு, பிறகு வீட்டுச் சோற்றுக்கஞ்சியின் தெளிவு சில சொட்டு. உப்பில் அயோடேட்டு இருந்தால் அயோடின் விடுபட்டுக் கஞ்சி நீலமாகும். கடையில் வாங்கிய பொட்டலத் தூளுப்பு ஆழ்ந்த நீலம் காட்டியது. அயோடின் சேர்த்தது என்று அச்சிட்ட ஒரு கல்லுப்புப் பொட்டலம் வெளிறிய நீலம். என் தாயார் சுமக்கும் உப்பு, கஞ்சி நிறம் மாறாமல் அப்படியே இருந்தது. எங்கள் வீட்டில் இப்போது அந்த உப்பு கருவாட்டுக்கும் ஊறுகாய்க்கும் போகிறது. குழம்புக்குப் பொட்டல உப்பு. விலை கூடுதல் என்று அம்மாவுக்கு வருத்தம்தான்.

நண்பர்கள் தத்தம் வீட்டு உப்பில் ஒரு தேக்கரண்டி காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்தால், செவ்வாய், வியாழன் மாலைகளில் விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் சோதித்துச் சொல்கிறேன். பெயர் எழுத வேண்டியதில்லை. ஊரின் பெயரும், கல்லுப்பா தூளுப்பா என்பதும் எழுதியிருந்தால் போதும்.