ஒரு நிமிடத்தின் விலை

பெங்களூரின் வடமேற்கில் உள்ள பீன்யா, இந்தியாவின் பெரிய தொழிற்பேட்டைகளுள் ஒன்று. அதன் வழியே செல்லும் துமகூரு நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளமுள்ள மேம்பாலம் உள்ளது. 2021 டிசம்பரில் பழுதினால் அது மூடப்பட்டபோது வாகனங்கள் கீழ்ச்சாலையில் குவிந்தன. அத்தகைய நெரிசலுக்குக் காரணம் பாலத்தின் பழுதே. ஆயினும், நெரிசலில் சிக்கியவரின் சினம் பாலத்தின்மீது பாய்வதில்லை. கண்முன் நிற்கும் ஓட்டுநர்மீதே பாய்கிறது.

ஏன்? தலைக்கவசமும் வண்டியின் கண்ணாடியும் முகத்தை மறைக்கின்றன. முகம் தெரியாதபோது எதிரில் இருப்பவர் மனிதராகத் தோன்றுவதில்லை, தடையாகவே தோன்றுகிறார். மேலும், நாம் குறுக்கே புகுந்தால் 'அவசரம்' என்கிறோம்; பிறர் புகுந்தால் 'திமிர்' என்கிறோம். பிறரது தவற்றை அவரது குணமாகக் கருதும் இவ்வெண்ணமே சாலைச் சினத்தின் வித்து.

சினம் வேகத்தைக் கூட்டுகிறது. அவ்வேகத்தால் கிடைப்பது என்ன? 4 கிலோமீட்டரை மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 4 நிமிடங்கள் ஆகும். 80 கிலோமீட்டர் வேகத்தில் 3 நிமிடங்கள் ஆகும். மிச்சம் ஒரே நிமிடம். ஓடும் வண்டியின் இயக்க ஆற்றலோ முக்கால் பங்குக்கும் மேல் கூடிவிடுகிறது. மோதல் நேர்ந்தால் அதன் தாக்கத்தை மனித உடலும் தாங்க வேண்டியிருக்கும்.

சினம் காப்பதற்கென்றே திருவள்ளுவர் 'வெகுளாமை' என்னும் அதிகாரத்தை வகுத்தார். சாலையில் அதனைக் கடைப்பிடிக்கும் வழி எளிது: சற்று முன்னரே புறப்படுக, இடைவெளி விட்டுச் செல்க, முந்த விரும்புவோரை முந்த விடுக.

வினாக்கள்
1. சாலைச் சினத்தின் வித்து எது?
2. 'மிச்சம் ஒரே நிமிடம்' – விளக்குக.