கிறிஸ்டாஃபெல் போடத் தெரியலையா? ஐன்ஸ்டைன்பை இருக்கு!

ஜெனரல் ரிலேட்டிவிட்டி நம்ம சிலபஸில் இல்லை. ஆர்வத்தில் புத்தகத்தைத் திறந்தால் கொஞ்ச நேரத்திலேயே கிறிஸ்டாஃபெல் குறியீடுகள் வந்து நிற்கும். நாலு பரிமாணத்தில் மொத்தம் 64. சமச்சீரால் குறைத்தாலும் 40. ஒரு மைனஸ் மாறினால் எல்லாம் போச்சு. நிறைய பேர் அங்கேயே புத்தகத்தை மூடிடுறாங்க.

மூடாதீங்க. ஐன்ஸ்டைன்பை என்று ஒரு பைத்தான் லைப்ரரி இருக்கு. ஓப்பன் சோர்ஸ், இலவசம். 2019-இல் இதைத் தொடங்கியது ஐஐடி மண்டி மாணவர்கள், அதாவது நம்ம வயசுக்காரங்க. சாதாரண லேப்டாப் போதும். பழைய லைப்ரரி என்பதால் புது பைத்தானில் தகராறு செய்யலாம். தனி என்விரான்மென்ட் போட்டு இன்ஸ்டால் பண்ணுங்க.

முதலில் ஒரு அளவு மனசில் பதியட்டும். சூரியனின் ஷ்வார்ஸ்சைல்ட் ஆரம் சுமார் 3 கி.மீ. பள்ளிகொண்டா டோல்கேட்டிலிருந்து வேலூர் பக்கம் 3, ஆம்பூர் பக்கம் 3. முழு சூரியனையும் அந்த அகலத்துக்குள் அமுக்கினால் கருந்துளை. பூமிக்கு இது 9 மி.மீ. மட்டுமே, கிட்டத்தட்ட ஒரு கோலிக்குண்டு.

இப்போ லைப்ரரியில் தயாராக இருக்கும் ஷ்வார்ஸ்சைல்ட் மெட்ரிக்கை எடுத்து கிறிஸ்டாஃபெல் கேளுங்க. 40-இல் 9 மட்டும்தான் பூஜ்யம் இல்லாமல் வரும். அடுத்து ரிச்சி டென்சர் கேட்டு, சிம்ப்ளிஃபை பண்ணுங்க. எல்லாமே பூஜ்யம். வெற்றிடத்துக்கான ஐன்ஸ்டைன் சமன்பாடு சொல்வதும் இதைத்தான்.

சாஃப்ட்வேர் சொன்னா சரியா இருக்கும்னு விட்டுடாதீங்க. வேணும்னே கெடுத்துப் பாருங்க. மெட்ரிக்கில் 1 − ஏ/ஆர் என்று இருப்பதை 1 − ஏ/ஆர்² என்று மாற்றுங்க. ரிச்சி ஸ்கேலார் மட்டும் பார்த்தால் அப்பவும் பூஜ்யம்தான் வரும், ஏமாந்துடுவீங்க! ரிச்சி டென்சரின் தீட்டா-தீட்டா உறுப்பைப் பாருங்க: −ஏ/ஆர்². ஆக இது வெற்றிடம் இல்லை. எதைச் சோதிக்கணும் என்பது நமக்குத் தெரிஞ்சிருக்கணும். அதை லைப்ரரி சொல்லித் தராது.

கடைசியா ஒரு ஹோம்வொர்க். 1 − ஏ/ஆர் இருக்கும் இடத்தில் எஃப் என்று தெரியாத ஒரு ஃபங்ஷனை வைங்க. அதே தீட்டா-தீட்டா உறுப்பு இப்படி வரும்: 1 − எஃப் − (ஆர் × எஃப்-இன் டெரிவேட்டிவ்). இதைப் பூஜ்யம் ஆக்கினால், ஆர் × எஃப் என்ற பெருக்கலின் டெரிவேட்டிவ் 1 என்று ஆகிடும். ஒரு முறை இன்டக்ரேட் பண்ணி, ஆர்-ஆல் வகுத்தால் எஃப் = 1 + மாறிலி/ஆர். அந்த மாறிலி −ஏ.

1916-இல் ஷ்வார்ஸ்சைல்ட் வெளியிட்ட விடை இதுதான். நீங்க போட்டது ஃபர்ஸ்ட் இயர் மேத்ஸ்.