ஹேங் ஆகும் கணினியும் கத்திரி வெயிலும்

மேசைக் கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே திரை அசையாமல் நின்றுவிடுவதைத்தான் 'ஹேங்' என்கிறோம். அதற்குச் சூடு ஒரு காரணம்தான். ஆனால் கோடையில் சூட்டின் தலையில் விழும் பழி எல்லாம் அதற்குச் சேர வேண்டியதல்ல.

ராஜசிம்ம பல்லவன் கோயில் எடுத்த பனமலைக் குன்றானாலும் செஞ்சியின் ராஜகிரியானாலும், பகலெல்லாம் காய்ந்த பாறை பொழுது சாய்ந்த பிறகும் அனல் வீசும். அந்த வட்டாரத்தில் சிமென்ட் ஷீட் போட்ட ஜெராக்ஸ் கடை ஒன்றில் அறையின் வெப்பம் 40 டிகிரியைத் தொட்டால், கேபினட்டின் விசிறி எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் அந்தக் காற்றைத்தான் உள்ளே தள்ளும். 25 டிகிரி அறையில் 70-ல் நின்ற பிராசசர் இங்கே 85 வரை ஏறிவிடும். ஜெராக்ஸ் மெஷின் கக்கும் சூடும் டோனர் தூளும் மேசைக்கு அடியில் இருக்கும் கேபினட்டுக்கே போய்ச் சேர்கின்றன.

இருந்தாலும் பிராசசர் சூட்டால் சட்டென்று உறைவது குறைவு. இன்டெல் பிராசசர்கள் பலவற்றுக்கு 100 டிகிரியும், ரைசன் பலவற்றுக்கு 95 டிகிரியும் எல்லை. அதை நெருங்கும்போது அவை தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் கணினி அணைந்துவிடும். ஆகவே மந்தமாகிப் பிறகு அணைந்தால் பிராசசர் சூட்டைச் சந்தேகிக்கலாம். படம் அப்படியே நின்று, விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தால் பழுதை வேறிடத்திலும் தேட வேண்டும்.

உறைந்த நிலையில் முதலில் செய்ய வேண்டியது நம்லாக் பொத்தானை அழுத்திப் பார்ப்பது. விளக்கு மாறி மாறி எரிந்தால் விண்டோஸ் உயிரோடுதான் இருக்கிறது. பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க்கின் பதிலுக்குக் காத்திருக்கிறது. விளக்கு அசையாவிட்டால் ராம், மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ், மதர்போர்டு பக்கம் போகலாம். ஈவென்ட் வியூவரில் தெரியும் 'கெர்னல் பவர் 41' என்ற பதிவைப் பார்த்து எஸ்எம்பிஎஸ் வாங்க ஓடுகிறவர்கள் உண்டு. கணினி முறையாக அணைக்கப்படவில்லை என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. அதற்கு முன்னால் 'டிஸ்க் 7' இருந்தால் டிஸ்க்கில் பழுதான பகுதி இருக்கிறது. டபிள்யூஹெச்இஏ பதிவு இருந்தால் வன்பொருள் பிழை.

சூட்டை ஊகிக்க வேண்டியதில்லை, எச்டபிள்யூ மானிட்டர் போன்ற மென்பொருள் அளந்து காட்டும். இயக்கிய சில நொடிகளிலேயே 90-ஐத் தாண்டினால் ஹீட்சிங்க் சரியாக உட்காரவில்லை. இன்டெல் பெட்டியோடு வரும் கூலரின் நான்கு பிளாஸ்டிக் பின்களில் ஒன்று உடைந்தாலோ கழன்றாலோ ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். வெளிப்பார்வைக்கு நேராகத்தான் தெரியும், விரலால் மெல்ல ஆட்டினால் ஆடும். மெதுவாக ஏறினால் தூசி. பனமலைப் பக்கம் அறுவடைக் காலத்தில் பறக்கும் புழுதி, விசிறிக்கும் ஹீட்சிங்க் தகடுகளுக்கும் நடுவே கம்பளிபோல் படிந்திருக்கும். மேலிருந்து ப்ளோயர் அடித்தால் அது போகாது. விசிறியைக் கழற்றியே எடுக்க வேண்டும். விசிறியைக் கழற்றாமல் காற்றடிப்பதானால் அது சுற்றாதபடி விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் பேரிங் கெடும். ஹீட்சிங்க்கைக் கழற்றினால் சுண்ணாம்பாகக் காய்ந்த பழைய தெர்மல் பேஸ்டைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் பட்டாணி அளவு வைத்தால் போதும்.

இந்த வட்டாரத்தில் அதிகம் தப்பித்துக்கொள்ளும் குற்றவாளி எஸ்எம்பிஎஸ்தான். மலிவான கேபினட்டோடு வருவதில் 450 வாட் என்று பெரிதாக எழுதியிருக்கும். பக்கத்து அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு 14 ஆம்பியர் என்றிருந்தால், பிராசசருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் கிடைப்பது 168 வாட்தான். கிணற்று மோட்டார்கள் ஓடும் நேரத்தில் லோ வோல்டேஜ் வந்தால், அதே வேலைக்கு அது கூடுதல் ஆம்பியர் இழுத்து இன்னும் சூடாகும். கணினியை வேலை வாங்கியபடி மல்டிமீட்டரில் மஞ்சள், கறுப்பு வயர்களுக்கு இடையே அளந்தால் 11.4 முதல் 12.6 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். எஸ்எம்பிஎஸ் பெட்டியைப் பழக்கமில்லாதவர் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உள்ள கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். கேபினட்டைத் தொடும்போது ஜிவ்வென்றால் எர்த் இல்லை. பாறை நிலத்தில் கோடையில் எர்த் குழி வறண்டுவிடும். உப்பும் கரியும் இட்ட குழியானாலும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

ராமைக் கழற்றி, தங்க நிற முனைகளை அழிப்பானால் தேய்த்து மாட்டினாலே சில கணினிகள் சரியாகிவிடும். ஆகாவிட்டால் ஒவ்வொரு துண்டாகப் போட்டு, ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ இரவு முழுக்க ஓடட்டும். ஒரு பிழை வந்தாலும் அது பழுதுதான். டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் 05, C5 ஆகிய குறிகளுக்கு நேரே மதிப்பு ஏறிக்கொண்டே போனால் முதலில் கோப்புகளைப் பிரதி எடுக்க வேண்டும், ஆராய்ச்சி பிறகு. C7 மட்டும் ஏறினால் பெரும்பாலும் டிஸ்க் நல்லதே. சாட்டா கேபிளை மாற்றிப் பார்க்கலாம்.

எப்போதும் ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். ராமும் எஸ்எம்பிஎஸ்ஸும் ஒன்றாக மாறினால், பழுது எதில் இருந்தது என்பது தெரியாமலே போய்விடும்.

இவை எல்லாம் நன்றாக இருந்தால் மிஞ்சுவது மதர்போர்டு. 2000-களின் தொடக்கத்தில் வந்த பல போர்டுகளில் தரம் குறைந்த கெபாசிட்டர்கள் இருந்தன. பிராசசரைச் சுற்றி நிற்கும் உருளைகளில் தலை தட்டையாக இல்லாமல் உப்பியிருந்தாலோ, அடியில் பழுப்புக் கறை கசிந்திருந்தாலோ அவற்றை மாற்றியாக வேண்டும். அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது கூடுதலான வோல்ட், 105 டிகிரி தாங்கும் 'லோ இஎஸ்ஆர்' ரகம் என்று கேட்டு வாங்கினால், டிவி மெக்கானிக்கே பற்றவைத்துக் கொடுத்துவிடுவார். உப்பல் எதுவும் இல்லாத போர்டு தொடர்ந்து உறைந்தால் செலவு செய்வதில் பலனில்லை. டிஸ்க்கையும் பொருந்துமானால் ராமையும் கழற்றிக்கொண்டு வேறு போர்டு பார்ப்பதே மலிவு.